அந்திக்குள் இறங்கிய நோவா

வெள்ளி வந்துவிட்டது. அதற்கென்ன கேடு, அது வரும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினதும் இறங்காததுமாகப் பளிச்சென்று வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்க்க இந்த எஸ்தர் கமலம் வேண்டியதில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூடப் பார்த்துவிடுவான். எனக்கு வேண்டியது அது இல்லை. அதற்கு நேர் கீழே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாண் கீழே, தனுசு ராசியில் ஐப்பசி மாதம் திடீரென்று வெடித்துக் கிளம்பியதே ஒரு நோவா, அது வேண்டும். புது நட்சத்திரம் என்று பேப்பரில் போட்டார்கள். புதுசாவது ஒன்றாவது, கிழட்டு நட்சத்திரம், பக்கத்துத் துணையிடமிருந்து வாயுவை இழுத்து இழுத்து மேலே போட்டுக்கொண்டு, தாங்காமல் ஒருநாள் மேல்தோல் மட்டும் வெடிக்கிறது, அவ்வளவுதான். செத்துப்போவது சூப்பர்நோவா. நோவா சாகாது, வெடித்து அடங்கி மறுபடி இழுக்க ஆரம்பிக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. மழை விட்ட ராத்திரிகளிலெல்லாம் இந்த மொட்டை மாடிக்கு வந்து வெறுங்கண்ணால் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இவ்வளவு பிரகாசம் என்று மதிப்புப் போட்டுக்கொண்டு வந்தேன். நாளாக ஆக அது மேற்கே சரிந்து அந்தி வெளிச்சத்துக்குள் இறங்கிவிட்டது. இன்னும் ரெண்டொரு நாள்தான், மார்கழி பிறந்தால் சூரியனே தனுசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஒன்றும் பார்க்க முடியாது. போன வாரம் வரைக்கும் நன்றாக இருந்தது. நன்றாகத்தான் இருந்ததா? இருந்தது, இருந்தது. அப்புறம் ஒருநாள் அந்தியில் பார்க்கிறேன், இல்லை. மறுநாளும் இல்லை. உடனே புனேயில் இருக்கிற என் பழைய மாணவன் கோபிநாத்துக்குப் போன் போட்டு, விழுந்துவிட்டது கோபி, பிரகாசம் சட்டென்று விழுந்துவிட்டது என்று சொன்னேன். வெடித்து எறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அந்தத் தூசியே நட்சத்திரத்தை மறைத்துக்கொள்வது உண்டு, சில நோவாக்களுக்கு அப்படி ஆகும். தூசிதானே மேடம் என்று அவன் குதித்தான். தூசியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயைக் கொடுத்தேன். இப்போது அவன் அதை வைத்துக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டான்.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது, அவசரப்படக் கூடாது. கீழ்வானம் காவி நிறத்தில் கிடக்கிறது, அதற்கு மேலே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு பட்டை. இந்தப் பட்டையைத்தான் நான் ஆயுசு முழுக்கப் படித்தேன். மற்றவர்கள் நடுராத்திரி வானத்தைப் பிடித்துக்கொண்டார்கள், கறுப்பு வானம், சுத்தமான வானம், டெலஸ்கோப்பைத் திருப்பினால் விழுந்து கும்பிட்டுப் பதில் சொல்லும். நான் மட்டும் இந்த இரண்டுங்கெட்டான் நேரத்தைப் பிடித்தேன். எந்த வெளிச்சத்தில் எந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், எந்தத் தூசியில் எது மறையும், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு புது நட்சத்திரம் வந்தது என்று ஒருத்தன் எழுதி வைத்திருந்தால் அவனுக்கு அது தெரிந்திருக்க முடியுமா. சீனாக்காரன் ஆயிரத்து ஐம்பத்து நாலில் பார்த்தான், பகலிலேயே தெரிந்த சூப்பர்நோவா, எழுதியும் வைத்தான். இங்கே சோழ ராஜ்ஜியம் கொடிகட்டிப் பறந்த காலம். நான் தேடின வரைக்கும் ஒரு கல்வெட்டில் ஒரு வரி கிடையாது. ஆடு கொடுத்தது இருக்கிறது, விளக்கு வைத்தது இருக்கிறது, இது இல்லை. ஏன் இல்லை? மேகமா? விடிகாலையில் கிழக்கே நின்ற அதை வயலுக்குப் போன எவளாவது ஒருத்தி பார்த்திருப்பாள், எனக்கு நிச்சயம். வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பாள். புருஷன்காரன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றிருப்பான். அதோடு போயிற்று. அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கும், ஒருவேளை என் கண்ணில்தான் ஏதோ என்று. பாவம். முப்பது வருஷமாக அவள் பக்கமே நின்று வாதாடிக்கொண்டிருந்தேன், அவள் பார்த்தது நிஜம், அவனுக்குத்தான் தெரியவில்லை என்று. இந்த வாரம்தான் முதல் தடவையாக அந்தப் புருஷனைப் பற்றி நினைக்கிறேன். அண்ணாந்து நின்றானே, எல்லாரும் சொல்கிற இடத்தில் ஒன்றுமே தெரியாமல் நின்றானே, அவனுக்கு உள்ளுக்குள் எப்படி இருந்திருக்கும்.

வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. நான் வேலை பார்த்த வானாய்வுக்கூடத்து டெலஸ்கோப்பில் பார்த்துவிடலாமே என்று ஷீபா கேட்டாள், என் மகள், வங்கிக்காரி, எதுவும் கணக்கில் வந்தால் தீர்ந்தது அவளுக்கு. முடியாதம்மா, இவ்வளவு தாழ்வாக அது குனியாது, டோம் கூரைக் கதவும் மரமும் மறிக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் உலகத்தில் நான் ஒருத்திதானா? ஆஸ்திரேலியாவில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், சிலியில் இருக்கிறார்கள், ஆளாளுக்கு மதிப்புப் போட்டு இணையத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், செல்போனைத் திறந்து ஒரு விரலால் தள்ளினால் தெரிந்துவிடும், விழுந்ததா விழவில்லையா. திறக்கவில்லை. சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, கண்ணாடி கீழே இருக்கிறது. கண்ணாடி மூக்கு மேலேயே இருந்தது. யாரை ஏமாற்றுகிறேன்? கோபிநாத்தின் அழைப்பையும் எடுக்கவில்லை. இருமல். நான் இருமவில்லையே. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தங்கையா நிற்கிறார். இல்லை, நிற்கவில்லை, அவர் செத்து ரெண்டு வருஷம் ஆகப்போகிறது, கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டுத்தான் வந்தோம். குரங்குக் குல்லாயும் பிரௌன் ஸ்வெட்டருமாக, அங்கே ஜெனரேட்டர் ரூம் வேலை முடிந்து வந்தால் எப்படி நிற்பாரோ அப்படி, கையைக் கட்டிக்கொண்டு, என் கண்ணின் இடது ஓரத்தில். திரும்பாதே கமலம். திரும்பினால் போய்விடுவார். முதலில் வந்தபோது திரும்பினேன், தொட்டி மட்டும் இருந்தது. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். துக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு இப்படித் தோன்றும் என்று படித்த மனுஷியாக எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பயமாக இருந்தது. செத்தவர் வருகிறார் என்று பயமில்லை, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், என் புருஷன்தானே. நான் நேருக்கு நேர் பார்த்தால் போய்விடுகிறாரே, அதுதான் பயம்.

இருட்டில் நட்சத்திரத்தை நேராகப் பார்க்கிறவன் நட்சத்திரம் பார்க்கத் தெரியாதவன். அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். மங்கலானது எதையும் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கண்ணின் நடு இடத்துக்கு இருட்டில் பலம் கிடையாது, ஓரத்துக்குத்தான் உண்டு, அதனால் பக்கத்தில் ஏதோ ஒரு வெற்றிடத்தைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு ஓரக்கண்ணால் அதைப் பிடிக்க வேண்டும். புதிதாக வந்தபோது தலைவலித்தது. பிறகு அதுவே பழக்கமாகி, எலும்பில் ஊறி, எதைப் பார்த்தாலும் கொஞ்சம் தள்ளியே பார்க்கிறவள் ஆகிவிட்டேன். கல்யாணமான புதிதில் தங்கையாவே கேலி பண்ணுவார், உன் மூஞ்சியைப் பார்த்தால் என் தோளில் பல்லி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று. சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தியில் கதை வேறு. வெளிச்சம் மிச்சமிருக்கிற வானத்தில் ஓரக்கண் உதவாது, அங்கே சின்னப் புள்ளியைப் பிடிக்கக் கண்ணின் நட்டநடுவால்தான் முடியும், நேருக்கு நேர்தான் பார்க்க வேண்டும். இதை நானே எழுதியிருக்கிறேன், என் பேர் போட்டு அச்சாகியிருக்கிறது. நோவா இருட்டில் இருந்தவரைக்கும் ஓரக்கண்ணால் பார்த்தேன், தெரிந்தது. அந்திக்குள் இறங்கினதும் நேராகப் பார்த்தேன், இல்லை. இதை ஒரு முதல் வருஷத்துப் பிள்ளை பரீட்சையில் எழுதியிருந்தால், அடியில் கோடு போட்டு, தவறு நட்சத்திரத்திலா கண்ணிலா என்று கேட்டிருப்பேன். நான் என்னைக் கேட்கவில்லை. தூசி என்றேன். எத்தனை சீக்கிரம் சொன்னேன். அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே தயாராக இருந்தது.

அப்படியானால் குளியலறை டைல்ஸ்? டைல்ஸுக்கு நடுவில் ஓடுகிற கோடு வளைந்து தெரிந்தது, கொத்தனார் ஒழுங்காக ஒட்டவில்லை என்று திட்டினேன், இருபது வருஷமாக நேராக இருந்த கோடு எப்படியடி வளையும்? பைபிளில் வார்த்தைக்கு நடுவில் எழுத்து காணாமல் போனது, மலிவு அச்சு என்றேன். சட்டியில் பொரித்த மீனைத் திருப்பப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு தங்கியிருக்கிற ஷீபா, வந்த அன்றைக்கே சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏம்மா நீ என் காதைப் பார்த்தே பேசுற என்று கேட்டாள். தொழில் பழக்கம்டி என்றேன். பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன், அவளை நேராகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. மறுநாள் காலையில் அவள் தலை சீவும்போது வாசலில் நின்று நேராகப் பார்த்தேன். கூந்தல் இருந்தது, காதுத் தோடு இருந்தது, கழுத்து, சேலை, எல்லாம் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது. என் வயிற்றில் பிறந்தவள். பார்வையைக் கொஞ்சம் தள்ளினேன், முகம் வந்தது, அவளுடைய அப்பாவின் மூக்கு. மறுபடி நேரே பார்த்தேன், போயிற்று. அப்போதுதான் தங்கையா விஷயமும் விளங்கியது. அவர் போய்விடவில்லை, நான் எவரை நேராகப் பார்த்தாலும் அவர்கள் போய்விடுகிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களும். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளாகவே வேலூரில் கண் டாக்டரிடம் நாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள், சும்மா செக்கப் என்கிறாள், இந்த மாதிரி சும்மாக்களை எனக்குத் தெரியாதா. வயதானவர்களுக்குக் கண்ணின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துபோவது உண்டாம், ஓரம் நன்றாக இருக்குமாம், போன் பார்க்க மாட்டேன் என்றவள் அதை மட்டும் எழுத்தைப் பெரிதாக்கித் தேடிப் படித்தேன். இருட்டில் ஓரத்தாலேயே பார்த்துப் பிழைத்தவளுக்கு நடுவில் ஓட்டை விழுந்தது எப்படித் தெரியும்? வேறு எவளாவது இருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பாள், அரிசியில் கல் பொறுக்கும்போதே கண்டுபிடித்திருப்பாள்.

ஆனால் தூசியும் இருக்கலாம். இருக்கலாமே! நோவாக்கள் விழுவது இல்லையா, என் கண்ணும் கெட்டு, அதே வாரம் நட்சத்திரமும் விழுந்திருக்கக் கூடாதா? கர்த்தாவே, விழுந்திருக்கட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஒரு நட்சத்திரம் மங்கட்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். அது மங்கியிருந்தால் என் மதிப்பு சரி, போன வாரம் வரைக்கும் போட்டது சரி, கோபியின் கட்டுரை சரி, வேலூரில் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். மங்கவில்லை என்றால், என்றால் என்ன, சொல்லேன், சொல்லிப் பார். என் கண் போய்விட்டது. அவ்வளவுதான், சொல்லியாயிற்று, ஒன்றும் இடிந்து விழவில்லை. காவி நிறம் வடிந்துவிட்டது. இதுதான் நேரம், இன்னும் கொஞ்ச நேரத்தில் மரக்கிளைக்குள் போய்விடும். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார். வேப்பமரத்தின் உச்சிக்கு மேலே, அங்கேதான், நேராக, கூச்சப்படாமல் நேராக. சாம்பல் கலங்கல். இடது கண்ணை மூடி வலது கண்ணால். அதே கலங்கல், கொஞ்சம் சின்னதாக. தள்ளிப் பார்த்தால் வேப்பமரம் தெரிகிறது, வெள்ளி தெரிகிறது, ஓரத்தில் வைத்துப் பார்த்தாலும் கண் கூசுகிற மாதிரி வெள்ளி மின்னுகிறது, நோவா ஓரத்துக்கு அகப்படவில்லை, இந்த வெளிச்சத்தில் அகப்படாது, நானே எழுதியிருக்கிறேன். மேகம் இல்லை, ஒரு பிசிறு மேகம்கூட இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். கண்ணீர்தான் வருகிறது.

படியில் செருப்புச் சத்தம். ஷீபா, காயப்போட்ட துணி எடுக்க வருகிறாள். துணி எடுக்கிற சாக்கில் என்னைப் பார்க்க வருகிறாள். பனி விழுது, உள்ளே வாம்மா, காலையில் சீக்கிரம் கிளம்பணும் என்கிறாள். கிளிப்புகளைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்கிறாள், சத்தத்திலேயே தெரிகிறது. இவளுக்கு நல்ல கண், தூரத்துப் பஸ்ஸின் போர்டை நிறுத்தத்தில் நின்றபடியே படித்துவிடுவாள். கேட்டுவிடலாம். கேட்காமல் விட்டால் நாளைக்கு மேகம் வரும், நாளன்றைக்கு மார்கழி வரும், சாகிற வரைக்கும் தூசி தூசி என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடலாம். கூப்பிட்டேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள், சோப்பு வாசனை. அவள் தோளைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் திருப்பினேன். எதற்கு என்று சொல்லவில்லை. ஆனால் நான் கோபியிடம் பேசியதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டவள்தானே.

"மர உச்சிக்கு மேல நாலு விரல் வச்சுப் பாரு. அங்க ஏதாச்சும் தெரியுதா?"

அவள் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்ததும், அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டதும் என் கைக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலம்மா."

விழுந்துவிட்டது! அப்பாடா, விழுந்துவிட்டது, தூசிதான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, கோபிக்கு இப்பவே போன் போடலாம் போல இருந்தது. போடலாம், ஆனால் ஒரு நிமிஷம். காயல்பட்டினத்தில் நோன்புக்குப் பிறை பார்க்கிறவர்களிடம் விவரம் சேகரித்தபோது, இல்லை என்று சொல்கிற ஆளிடம் கட்டாயம் இன்னொன்றும் கேட்போம். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைக் காட்டி, அது தெரிகிறதா என்று. அதற்கும் இல்லை என்றால் அந்த ஆளின் பதிலை எடுத்துக்கொள்ள மாட்டோம். பழக்கதோஷம். வேறு எந்த எண்ணமும் இல்லை, சத்தியமாக இல்லை.

"சரி, அதுக்கு நேர் மேல பாரு. ஒரு சாண் உயரத்துல. அங்க?"

வெள்ளி அங்கே கொளுத்திப் போட்ட மாதிரி எரிந்துகொண்டிருந்தது. என் ஓட்டைக் கண்ணின் ஓரத்திலேயே எரிந்தது. ஷீபா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

"அங்கயும் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் மேகமா இருக்கு."

வானத்தில் இருக்கிறது அத்தனையையும் எனக்காக அணைத்துவிட்டாளே இந்தப் பெண், என்னத்தைச் சொல்ல. கோபம் வரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. கீழே யார் வீட்டிலோ குக்கர் கூவியது. கோபி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பான்.

"ஷீபா, போனை எடுத்து கோபிநாத்துக்குப் போடு. நட்சத்திரம் விழலைன்னு சொல்லணும்."

அவள் போனை எடுக்கவில்லை. தோளிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் போலக் குரல் வந்தது.

"ரொம்ப நல்லாத் தெரியுதும்மா," என்றாள். "ரெண்டுமே."